உடைசலைக் கேட்டு வந்தவர்

அன்பு மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் மனைவி எழுதுகிறாள். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே குளிர் எலும்புக்குள் போகிறது என்றாயே, குறைந்ததா? போனில் பேசினால் நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்று வெட்டிவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

கோப்பை வாங்கப்போகும் உங்கள் ஊர்க் கம்பெனியிலிருந்து அந்த வெளிநாட்டு அம்மா திங்கட்கிழமை நம் பீங்கான் தொழிற்சாலைக்கு வந்துவிட்டுப் போனார். இந்த ஆர்டர் கிடைத்தால்தான் நம் கோப்பைகளை விற்க நீ அங்கே வைத்திருக்கும் ஆபீஸ் நிலைக்கும், உன் மனைவியையும் அழைத்துக்கொள்ள முடியும் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாய். அது எனக்கு நினைவில் இருக்கிறது. இருந்தும்தான் நான் இதைச் செய்தேன்.

"ஒரு விரிசல்கூட அவங்க கண்ணுல படக்கூடாது" என்று மேனேஜரிடம் சொன்னாயாம். மனிதர் அப்படியே பிடித்துக்கொண்டார். சூளைக்குப் பின்னால் கிடந்த உடைசல் குவியலைத் தள்ளுவண்டியில் ஏழு நடையாக அள்ளிவந்து நம் வீட்டுக் கொல்லையில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடினார். முப்பத்தெட்டு வருஷம் சூளை அடுக்கிய ஆள் என்று காட்டுவதற்காக என்னையும் புதுச் சட்டையோடு சூளை வாசலில் நிறுத்தினார். "வாயைத் திறக்காதீங்க பெரியவரே, சிரிச்சா போதும்" என்று உத்தரவு. பல் செட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா நல்ல உயரம். ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். நானும் அப்படித்தான் கேட்பேன் என்பது உனக்குத் தெரியும். பிறகு, உடைந்ததெல்லாம் எங்கே என்று கேட்டார். "எங்ககிட்ட உடையறதே இல்ல மேடம்" என்றார் மேனேஜர். இன்னும் இரண்டு தடவை கேட்டார். அதே பதில். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம், "வாங்க வந்தது நல்ல கோப்பைதானே, உடைசல் எதுக்கும்மா?" என்று கேட்டேன். அவள் விசாரித்துச் சொன்னாள்: "உடைஞ்சதைப் பாத்தா சூளையில எந்த மூலைல சூடு பத்தலைன்னு தெரியுமாம் தாத்தா. நல்லதைப் பாத்தா ஒண்ணும் தெரியாதாம்."

அவர்கள் ஊரில் எல்லோருமே இப்படித்தான் கேட்பார்களா, இல்லை இந்த அம்மா மட்டும்தானா? அங்கே இருப்பவன் நீ, விசாரித்துச் சொல். இத்தனை வருஷம் நான் என் மனசுக்குள் செய்துவந்த வேலையை வேற்று நாட்டுக்காரர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதும், "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் என் முதுகில் கிள்ளினார்.

தார்ப்பாயை விலக்கியதும் அந்த அம்மா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். இது போன மழைக்கு முந்தின சூளை, பின்பக்க இடது மூலை, விறகு ஈரம். இது மேல்தட்டு, மெருகு கனத்துக் கொப்புளம் போட்டது. இது புது ஆள் அடுக்கியது, கோப்பையின் கைப்பிடிக் காது, பக்கத்துக் கோப்பையோடு ஒட்டிக்கொண்டது. எதில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுதத் தெரியாது என்றேன். நம்பவில்லை. ஒவ்வொரு துண்டையும் படம் பிடித்து, நம்பர் போட்டு, எல்லாவற்றையும் கலைத்து, தேநீருக்குப் பிறகு மறுபடி கேட்டார். அதையேதான் சொன்னேன். "இந்த மனுஷன் தலைக்குள்ள ஒரு பீரோவே இருக்கு" என்றாராம்.

உன் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரத்தில் கடைசிக் கேள்வி வந்தது. இப்படி விரிசல் விட்டது எப்போதாவது வெளியே போனதுண்டா?

மேனேஜர் இருமினார். நான், ஒரே தடவை என்றேன். மூன்று பெட்டி, காதுக்கு அடியில் மயிரிழை விரிசல், அனுப்பாதே என்று நான் சொல்லியும், "கண்ணுக்குத் தெரியாதுப்பா, போகட்டும்" என்று அனுப்பியது என் மகன் என்றேன். ஒரு டீக்கடையில் காது கழன்று, கொதிக்கும் டீ ஒரு பெண்ணின் மடியில் கொட்டியதையும் சொன்னேன்.

இந்த இடத்தில் உன் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதை எழுதணுமா மாமா?" என்கிறாள். இது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. எழுதும்மா என்றேன். மறுபடி பேனாவை எடுத்திருக்கிறாள்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். இருபது சூளையின் கதையைச் சொன்னவன் அந்த ஒன்றை மட்டும் எப்படி மறந்தாற்போல் இருப்பேன்? மறதி எனக்கு வராதே, தம்பி.

பிறகு உங்கள் மகன் என்ன செய்தான் என்று அந்த அம்மா கேட்டார். மறுநாளே பஸ்ஸில் போய், கடை கடையாக ஏறி, மிச்சம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வந்தான், அந்தப் பெண்ணையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தான் என்றேன். அப்போதுதான் பேனாவைத் திறந்தார். என்ன எழுதினாரோ தெரியாது. அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னும் இரண்டு நாடுகளில் தொழிற்சாலை பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் உன் ஆபீசுக்கு வருவாராம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். இதே கேள்வியை உன்னிடமும் கேட்பார். நான் கிழவன், தடுமாறிச் சொல்லிவிட்டேன் என்று சமாளிக்க உனக்கு வழி இருக்கிறது. அவர் நம்பவும் கூடும். அப்படிச் சொல்லாதே, அய்யா. ஆமாம் என்று சொல்.

ஆர்டர் வந்தால் இவள் கிளம்பட்டும். என் சாப்பாட்டுக்கு எதிர்வீட்டில் பேசி வைத்துவிட்டேன், அதைப் பற்றிக் கேட்காதே. வராவிட்டால் நீ கிளம்பி வா. மேனேஜர் என்னோடு பேசுவதில்லை, உன்னோடும் பேசமாட்டார். அதனால் என்ன, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். எதுவானாலும், ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிற மனிதனாக நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

மாமா தூங்கப் போய்விட்டார். அவர் சொல்லாததை நான் ஒரு வரி எழுதுகிறேன்: எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்.