ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்றேன், அக்கா

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. உன் மகள் கயல் பிளஸ் டூ வந்துவிட்டாள். நீ படித்த அதே வேடசந்தூர் அரசுப் பள்ளிதான். இன்ஜினியரிங்குக்கு இப்போது நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கே போதுமாம். பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்கு அழுகைதான் வந்தது. நம் காலத்திலும் இப்படி இருந்திருந்தால் நீ நூல் மில் வேலைக்கு வேனில் ஏறியிருப்பாயா?

நீ எனக்கு நாலு மாதம்தான் மூத்தவள். பெரியப்பாவுக்குத் தக்காளித் தோட்டம், என் அப்பாவுக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் பாத்திரக் கடை. அதனால் நீ அரசுப் பள்ளி, நான் இங்கிலீஷ் மீடியம். ஆனாலும் பிளஸ் டூவில் உனக்குத்தான் மார்க் அதிகம். கணக்கில் ஒரு ஸ்டெப் விடமாட்டாய். விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்று உங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

நுழைவுத் தேர்வில் விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் பள்ளியில் அதற்கென்றே இரண்டு மாதம் தனி வகுப்பு வைத்தார்கள். உங்கள் பள்ளியில் விண்ணப்பம் வாங்கியதே நீ ஒருத்திதான்.

திண்டுக்கல்லில் தேர்வு முடிந்து வாசலுக்கு வந்தாய். விரலெல்லாம் மை.

"பாதிதான்டி முடிஞ்சுச்சு. கணக்குப் போடக் குடுத்த தாள் பத்தல. கேள்வித்தாள் ஓரத்துலயும் ஸ்டெப் எழுதி வச்சிருக்கேன். அதுக்கு மார்க் போட்ருவாகல்ல?"

"போடுவாகக்கா," என்றேன்.

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல? எனக்கு இடம் கிடைத்தது. உனக்கு அழைப்பே வரவில்லை. கவுன்சலிங்குக்கு நான் மெட்ராஸ் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து தலையில் பூ வைத்துவிட்டாய்.

அன்று வாசலில் நான் சொன்னது பொய் என்று போன வாரம் கயலிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும் சித்தி. 'ஒங்க சித்தி வாசல்ல பொய் சொன்னா. அந்தப் பொய்ய வச்சுத்தான் அம்புட்டுப் பேருக்கு முன்னால அழுகாம வீடு வந்து சேந்தேன்'னு சொல்லும்."

மன்னித்துவிட்டாய் அக்கா. ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு முந்தின வாரம் சாமி கும்பிட ஊருக்கு வந்திருந்தேன். "டவுன்ல தனியா என்னடி சொல்லித் தாராக?" என்று கேட்டாய். "சும்மா கணக்குதேன்க்கா," என்றேன். ஸ்டெப்புக்கு மார்க் இல்லை, வட்டம் மட்டும்தான் என்பது உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அது இல்லை. சொன்னால் நீ என்னை முந்திவிடுவாய் என்று பயந்தேன். உன் பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

நுழைவுத் தேர்வு ஒழிந்தாலும் கவுன்சலிங் இருக்கிறது. எந்தக் காலேஜ் நல்லது, எதை முதலில் கேட்க வேண்டும் என்று சொல்ல இன்றைக்கும் அந்தப் பள்ளியில் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நான் சொல்கிறேன் என்று கயலிடம் சொன்னேன்.

"எங்க கிளாஸ்ல இன்னும் ஆறு பேரு இருக்காக. கூட்டிட்டு வரவா சித்தி?" என்றாள். அதில் இரண்டு பேர் அவளைவிட நல்ல மார்க் எடுப்பவர்களாம். அதையும் அவளேதான் சொன்னாள்.

அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததில் ஒன்றையும் ஒளிக்கமாட்டேன் அக்கா. அவர்கள் கேட்கத் தெரியாமல் விட்டதையும் நானே சொல்வேன்.

உன் சித்தப்பா மகள், கயலின் சித்தி,
ஜெயந்தி