குப்புறக் கிடந்த பூ

இஸ்பஹான்

என் அழுத்தக்காரருக்கு,

விரல்களில் இன்னும் சாந்து ஒட்டியிருக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மசூதி வளைவுக்காக நீங்கள் வண்ண ஓட்டுச் சில்லுகளைக் குப்புற அடுக்கி, அவற்றின் முதுகில் சாந்து ஊற்றிவிட்டுப் போன பூவை இன்று நிமிர்த்தினோம். நீல இதழ்களுக்கு நடுவே மஞ்சள். நம் மகள் பரஸ்தூவின் பால் கோப்பைச் சில்லு! அவளை அடக்கம் செய்த அன்று உடைந்த அதே கோப்பை. குப்பையில் கொட்டிவிட்டதாகச் சொன்னீர்களே! அந்தச் சண்டையில்தானே ஷீராஸுக்குப் போனீர்கள்?

மேஸ்திரி குத்ரத் கத்தினார்: "கோப்பைச் சில்லை மசூதியில எவன்யா வெச்சான்? நோண்டி எடுங்க!"

"தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ஆட்களை விலகச் சொன்னார்.

சாயங்காலமே வளைவில் பதித்துவிட்டார்கள். வந்து பாருங்கள். குப்புற அடுக்கிய நீங்கள் அதன் முகத்தை இன்னும் பார்க்கவில்லையே.

அவளுடைய அம்மா