நடுக்கால் அறுத்த அரையருக்கு

திருவும் வெற்றியும் நீங்காத வெண்கரை நாட்டின் கோமகள், ஆற்றுக்குக் கரையும் அகதிக்கு வாசலும் அமைத்த ஆதிமங்கைத் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் பெருநம்பி எழுதியது. நெடும்பாறைச் சீமையின் தலைவர், தம் அழகைத் தாமே கண்டு மகிழும் ஏகவீர அரையர் காண்க. உம் சீமையில் மழை பொழிக, விளைச்சல் பெருகுக, இவ்வோலையை வாசித்து முடிக்கும் வரையிலாவது உம் தலைக்கு மேலுள்ள கூரை நிற்க.

நெடும்பாறை அம்பலத்துக்குத் தேவியார் எழுந்தருளிய அன்று நடந்ததை நீர் வேறுவிதமாகச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. ஆகவே நடந்தபடியே எழுதப்படுகிறது.

இருபுறமும் சரிந்த கூரையின் பாரமெல்லாம் உச்சியிலுள்ள முகட்டு உத்தரத்தில் வந்து சேரும். அதைத் தாங்கவே உம் முன்னோர் அம்பலத்தின் நடுவில் வேங்கைமரக் கால் நட்டார்கள். குறையுள்ளவர் எவரும் அந்த நடுக்காலைத் தொட்டுக்கொண்டு பேசலாம், தொட்ட கையை எடுக்கும் வரை அவரை அரசரும் அடக்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். நீரோ, வாசலில் நிற்பவர்க்கு உம் திருமுகம் தெரியாமல் மறைக்கிறதென்று அந்தக் காலை அறுத்து, அந்த மரத்திலேயே உமக்கு ஆசனமும் செய்துகொண்டீர். பிறகு உம் குடையின் உச்சி இடிக்கிறதென்று, சுவரையும் சுவரையும் பிணைத்திருந்த விட்டத்தையும் அறுத்தீர். தச்சர்கள் காலில் விழுந்து தடுத்தபோது, இந்தக் கூரை உம் புகழிலேயே நிற்கும் என்றீராம். அடடா, என்ன வாக்கு! முகடு தொய்ந்தது, கூரைச் சரிவைத் தாங்கிய கைமரங்கள் அகன்று சுவர்களை வெளியே தள்ளின, உம் புகழ் ஓர் ஓட்டினைக்கூடத் தாங்கவில்லை.

தேவியார் வருகிறார் என்றதும் நீர் செய்த காரியம்தான் கேவலத்திலும் கேவலம். முட்டுக்கொடுக்க எடுத்த கழிகள் முகட்டை எட்டவில்லை. வேறு மரம் தேட உமக்குப் பொறுமையில்லை. ஆகவே ஆசனத்தை நடுவுக்கு நகர்த்தி, பின்னால் பட்டுத்திரை தொங்கவிட்டு, கீழ்க்கரை உழவர்களைத் திரைக்குள் நிறுத்தி, அவர்கள் தோள்மேல் கழிகளை ஏற்றி முகட்டைத் தாங்க வைத்தீர்.

உம் புகழ்மாலை பாடப்படும்போது திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அது உழவர் வேம்பனாருடையது. இப்போது முகட்டைத் தாங்குவது தம் தோளிலுள்ள கழியே ஆதலால் அதுவே நடுக்கால் என்றும், அதைத் தொட்டிருக்கும் தம்மை எவரும் அடக்கலாகாது என்றும், வயலில் நாற்று முற்றிப்போகிறது என்றும், விட்டுவிட்டு ஓடினால் தேவியாரும் நசுங்குவாரே என்றுதான் நிற்பதாகவும் அவர் விண்ணப்பித்தார். “தோள் விட்டுப்போச்சு தாயே” என்று அவர் சொன்னதைத் தேவியார் தம் காதாலேயே கேட்டார்.

நீரோ வாய் கூசாமல், அது பல்லி சொல்லும் நல்ல சகுனம் என்றீர். நாற்று முற்றுவதைப் பற்றிச் சொல்லும் பல்லியைத் தேவியார் இதுவரை கண்டதில்லை. எழுந்து போய்த் தம் கையாலேயே திரையை விலக்கினார். தோல் உரிந்த தோள்களைக் கண்டார். ஆனால் அந்தக் கூரைக்கடியில் குரலை உயர்த்தினால் அதுவே விழுந்துவிடுமோ என்றஞ்சி, ஒன்றும் பேசாமல் வெளியேறினார். இப்போது பேசுகிறார்.

இவ்வோலை கண்டவுடன் வேம்பனாரும் மற்ற உழவர்களும் தம் வயலுக்குத் திரும்பக் கடவர். புதிய வேங்கைக் காலோடும் விட்டத்தோடும் அரண்மனைத் தச்சர்கள் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்து நடுக்காலை நட்டு முடிக்கும் வரை அந்தக் கழிகளை நீரும், கூரை உம் புகழில் நிற்கிறதென்று தலையாட்டிய உம் மைத்துனர்களும் தோளில் தாங்கக் கடவீர்கள். திரை ஆகாது. கதவு திறந்தே இருக்கட்டும். ஊரார் வாசலில் நின்று பார்க்கட்டும். கழி உம் முகத்தைச் சற்றே மறைக்கும்; பொறுத்துக்கொள்ளும்.

வழக்கம் உமக்கும் பொதுவே. கழியைத் தொட்டிருக்கும் வரை உம் குறையைத் தாராளமாகப் பேசும், எவரும் அடக்கமாட்டார். நடவு முடிந்து ஓய்வு கிடைத்தால் வேம்பனார் வந்து கேட்பார்.

இது தேவியார் ஆணை. நாரை முத்திரை இதற்குச் சாட்சி. மாடுகளை விரட்ட வேண்டாமென்று வண்டிக்காரருக்குத் தனியோலை போயிருக்கிறது.