குத்தினால் மடங்கும் கத்தி

மருமகன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். நேற்றுப் பகல் கூரியரில் அவருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிரித்தால் மடக்குக் கத்தி. அங்கே லீவு நாளில் கூட்டாளிகளோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துச் சமைப்பார்களாம், அதற்காம். போனில் ஒரு வீடியோவில் ஒருவன் இதே கத்தியால் காகிதம் அறுக்கிறான், கயிறு அறுக்கிறான், முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டுகிறான். அதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினாராம். "புடிச்சுப் பாருங்க மாமா, இரும்புக் கடை வச்சிருந்தவங்க நீங்க" என்று என் கையில் கொடுத்தார். புதுக் கத்திக்குப் பூசி அனுப்புகிற எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்து நின்றுவிட்டாய்.

அலகை விரித்தேன். உள்ளே 'டக்'கென்று ஒரு பூட்டு விழுந்தது. முனையை மேசைப் பலகையில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. எண்பதை நெருங்குகிற கைக்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் போட்டேன். மடங்கவில்லை. "என்ன மாமா, மேசையோட சண்டையா?" என்று மருமகன் சிரித்தார். கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. படிக்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவன் இப்போது என்னத்தைச் சொல்லிக் கிழிக்கப் போகிறான் என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள். அலுத்துப் போய்விட்டது, எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை நாம் ஒன்றாகப் படித்தோம். பிறகு நான் வாப்பாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்தேன், நீ பண்ணை வயலில் இறங்கினாய். உன் குடிசையும் பண்ணையின் மனையில்தான் இருந்தது. கடையில் நாலு பேர் நின்றால், "பாய், மம்பட்டிக் காம்பு இருக்குங்களா?" என்பாய். கூட்டம் கலைந்ததும், "டேய் காசிமு, டீ சொல்லுடா" என்பாய். இரண்டுக்கும் நாம் பழகியிருந்தோம்.

அந்த வருடம் என் அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். மாதிரிக்கு என்று ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்திருந்தார். "நல்லா இருந்தாச் சொல்லு மச்சான், பெட்டி பெட்டியா அனுப்புறேன்" என்றார். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மான்கொம்பு போலப் பிடி, முகம் தெரிகிற அலகு. நீ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"மூஞ்சி பாக்குறதுக்கா கத்தி வாங்குவானுவ? ஒரு வாரம் குடு, என்னன்னு பாக்குறேன்."

பார்த்தாய். இந்தப் போனில் வருகிறவனெல்லாம் உன்னிடம் பிச்சை வாங்க வேண்டும். சம்பாவுக்கு நாற்றுப் பறிக்கிற வயலில், இடக்கையில் நாற்று முடி இருக்க, சேறு அப்பிய வலக்கையால் கத்தி விரிகிறதா என்று முதலில் பார்த்தாய். நகம் வைக்கிற பள்ளம் ஆழமில்லை, விரல் வழுக்குகிறது என்று சொன்னாய். வாய்க்காலில் ஊறப்போட்ட தென்னங்கயிற்றை அறுத்தாய். நெல் மூட்டைத் தையலைப் பிரித்தாய். கெளுத்தி மீனை வகுந்துவிட்டுக் கழுவாமல் மடக்கி, மறுநாள் வரை போட்டுவைத்தாய், கீலில் ரத்தம் உறைந்தால் ஒட்டிக்கொள்கிறதா என்று தெரிய. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் உன் மச்சினன் வேலை பார்த்தான் அல்லவா, அவனைப் பார்க்கப் போன இடத்தில் பாத்தித் தண்ணீரில் ஒரு பகல் முழுக்கக் கிடத்தி எடுத்தாய். இரண்டு துருப் பொட்டோடு சரி. எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. சிங்கப்பூருக்கு விலாசம் எழுதி வைத்த கடிதத்தை அனுப்புவதுதான் பாக்கி.

கடைசி நாள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தாய்.

"அறுக்குறது நல்லாத்தான் அறுக்குது. மூங்கி கணுவுல முனைய வச்சுக் குத்துனேன், படக்குன்னு மடங்கி என் வெரலையே வெட்டிப்புட்டுது. ஸ்பிரிங்குல உசுரே இல்ல. இத வயக்காட்டு ஆளுவகிட்ட வித்துப்புடாத, ஒன் குடும்பத்தையே திட்டுவானுவ. திருப்பி அனுப்பிடு."

அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சுத்தியலை எடுத்துக் கீல் ஆணியில் இரண்டு தட்டுத் தட்டினேன். நீ அலகின் முதுகில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, "இன்னமும் மடங்குதுடா" என்றாய். "பழகப் பழக இறுகும்யா. இன்னும் ஒரு வாரம் வச்சுப் பாரேன்" என்றேன். எந்த ஊரில் ஐயா ஸ்பிரிங் பழகப் பழக இறுகும்? இரும்புக் கடைக்காரன் பேசுகிற பேச்சா அது? ஆசை பேச வைத்தது. நீ சிரித்துவிட்டு, "சரி, ஒனக்காவ" என்று மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

அந்தப் புரட்டாசி எப்படி இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் விளங்காது. மெட்ராசில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, குடியிருப்பு மனைப் பட்டா என்று வாரத்துக்கு ஒரு பேச்சு. குடிசை போட்டிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தமாகும் என்றார்கள். உன் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது. அதிகாரி விசாரணைக்கு வருகிற அன்று நீ அந்தக் குடிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "பட்டா மட்டும் கைக்கு வரட்டும்டா, அப்பறம் எவன் என்னய எந்திரின்னு சொல்லுவான்?" என்று அந்த ஒரு மாதத்தில் நூறு தடவை சொல்லியிருப்பாய். பண்ணைக்கும் அது தெரியும். விசாரணைக்கு முன்னால் யார் யாரைக் கிளப்பலாம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறுவை அறுப்பு வந்தது. நீங்கள் சங்கமாகச் சேர்ந்து கூலி கூட்டிக் கேட்டீர்கள். பண்ணையின் வேலையெல்லாம் மேற்பார்க்கிற காரியக்காரர் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். நீங்கள் வரப்பில் குறுக்கே நின்றீர்கள். போலீஸ் வந்து தடியைச் சுழற்றியதும் ஆள் சிதறிவிட்டது, நீ அகப்பட்டாய். இடுப்பைத் தடவினார்கள். என் கத்தி கிடைத்தது.

இது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் என் கடைக்கு நேர் எதிரே இருந்தது. ஏட்டு அன்று மாலை தெருவைத் தாண்டி வந்து, "பாய், ரெண்டு கையெழுத்து" என்றார். ஒரு பொருளைச் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றினோம் என்று எழுதுகிற மகஜர் தாள். எழுதாத தாள். என் வழக்கம் உனக்குத் தெரியும். சாராயக் குடம், திருட்டு சைக்கிள் என்று எத்தனையோ மகஜருக்கு நான் அப்படி வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் கடைக்கு வெளியே தெருவை அடைத்து நான் ஏர்க் கொழுவும் சங்கிலியும் பரப்பினாலும் யாரும் கேட்பதில்லை. நீ கூட ஒருதரம், "கையெழுத்துப் போட்டுப் போட்டே நீயும் பாதி போலீசு ஆயிட்ட" என்று கிண்டல் செய்தாய். அன்றைக்கும் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டே போட்டேன். என்ன கேஸ் என்று கேட்கக்கூட இல்லை.

மறுநாள் உன் வீட்டுக்காரி கடை வாசலில் வந்து நின்றாள். "காரியக்காரரைக் குத்த ஓங்குனாருன்னு கேசு பாய். கத்தியப் புடுங்குனப்ப நீங்க கூட நின்னு பாத்ததா எழுதியிருக்காமே. நீங்களா பாத்தீங்க?" என்று கேட்டாள். நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஆயிஷா சண்டைக்கே வந்துவிட்டாள். "என்னங்க, அது நம்ம கத்தி. குத்துனா மடங்கும்னு அவரே வந்து சொன்னாரு, நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். அத வச்சு எப்படிங்க ஒரு மனுசனக் குத்துறது? போயி உள்ளதச் சொல்லிடுங்க." சும்மா இரு என்றேன். காரியக்காரர் ஒருநாள் கடைக்கு வந்து அறுப்புக்கு வேண்டிய கயிறு முழுவதும் எடுத்துக்கொண்டார். மிரட்டவெல்லாம் இல்லை. "கோர்ட்டுக்கு வர்றன்னிக்கு வண்டி அனுப்புறேன் பாய், பஸ்ஸுல அலையாதீங்க" என்றார், அவ்வளவுதான். எனக்குப் பயம். எதிரே ஸ்டேஷன், வாடிக்கையெல்லாம் பண்ணைகள், இரண்டு பெண் பிள்ளைகள் என்று கணக்குச் சொல்லலாம். எல்லாம் பயம்தான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது?

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். கைப்பற்றும்போது கூட இருந்தீர்களா என்றார். ஆமாம் என்றேன். அடுத்து உங்கள் சங்கத்து வக்கீல் எழுந்தார். ஒல்லியாக, சட்டைக் காலர் நைந்த இளவட்டம். மேசையிலிருந்து கத்தியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கத்திய இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

இப்படிக் கேட்கும்படி நீதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய். என் கடைக் கத்தி, சோதித்துப் பார்க்க நான் கொடுத்தது என்று ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம். அதை வாங்கி முனையைக் கூண்டுக் கட்டையில் வைத்து அமுக்கியிருந்தால், நீதிபதியின் கண்ணெதிரே மடங்கியிருக்கும். கேஸ் அங்கேயே செத்திருக்கும். நான் நீதிபதி தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ஞாபகம் இல்லீங்க" என்றேன். அவர் இன்னொருதரம் கேட்டார். "இல்லீங்க."

உனக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் அதிகாரி விசாரணைக்கு வந்தார். "பேருக்கு உண்டானவன் எங்க?" என்று உன் வீட்டுக்காரியைக் கேட்டார்களாம். ஜெயிலில் என்று எப்படிச் சொல்லுவாள்? வெளியூர் போயிருக்கிறார் என்றாள். காரியக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த ஆள் இங்கே குடியில்லை என்றார். பெயரை அடித்துவிட்டார்கள். பங்குனியில் குடிசையைப் பிரித்தார்கள். அவள் கீற்றையும் மூங்கிலையும் சுமந்துபோய் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் ஊன்றிக்கொண்டாள். அந்த வழியாகப் போவதையே நான் விட்டுவிட்டேன். சிங்கப்பூருக்கு மட்டும் எழுதினேன், ஸ்பிரிங் சரியில்லை, அனுப்ப வேண்டாம் என்று. அந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மை பேசினேன், வெட்கம் கெட்டவன்.

வெளியே வந்த நாலாம் நாள் நீ கடைக்கு வந்தாய். தாடியும் மெலிவுமாக ஆணிச் சாக்கின்மேல் உட்கார்ந்தாய். டீ சொன்னேன். கடையில் யாரும் இல்லை. "பயந்துட்டேன்யா" என்றேன்.

"தெரியும்டா" என்றாய். "எதுத்தாப்புல ஸ்டேஷன வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? சொல்லியிருந்தீன்னா ஒன்னய இந்தத் தெருவுல பொழைக்க வுட்டுருக்க மாட்டானுவ. வக்கீலுகிட்டயே சொல்லித்தான் வச்சிருந்தேன். கேட்டுப் பாருங்க, சொல்லலன்னா அவனக் கோவிச்சுக்காதீங்க, புள்ளகுட்டிக்காரன்னு."

டீ வந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தாய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், ஏதோ மம்பட்டி விலை விசாரிப்பது போலக் கேட்டாய்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா வெளங்கல. நா அங்கனயேதான நின்னேன். வந்ததுலேருந்து போறவரைக்கும் ஒருதடவகூட என் பக்கம் திரும்பிப் பாக்கலியே, ஏன்?"

நான் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். நீ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாய். பிறகு எத்தனை வருடங்கள் வந்தாய், போனாய், டேய் என்றாய், என் மகள் கல்யாணத்துக்கு வாழைமரம் வெட்டிக்கொண்டு வந்தாய். அதை மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை திட்டியாவது தீர்த்திருப்போம்.

பொய் சொன்னதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. கேவலமான காரணம்தான், ஆனாலும் இருக்கிறது. நீயே எனக்காக எடுத்துச் சொல்லிவிட்டாய். இதற்கு இல்லை. எனக்கு இடப்பக்கம் மூன்று எட்டுத் தூரத்தில் நீ நின்றாய். கழுத்தைத் திருப்பினால் ஏட்டு கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். காரியக்காரர் கயிறு வாங்குவதை நிறுத்தியிருக்க மாட்டார். என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஐம்பது வருடமாகத் தேடுகிறேன், ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஆடியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்தேன். அந்த வாய்க்கால் கரை வீட்டுக்கு இன்றுவரை பட்டா கிடையாது. உன் மகன் நாற்காலி போட்டு, "உக்காருங்க பாய்" என்றான். உட்காரவில்லை. மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், யாரோ தோளைத் தொட்டார்கள். நகராமல் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் பார்ப்பது உனக்குத் தெரியவில்லை.