ஆறு லிக்கும் உன் ஒரு ‘ம்’மும்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

இங்கே நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குப் பல் முளைச்சிடுச்சா?

கம்பெனி விழாவுல கிடார் வாசிச்சேன். பயப்படாதே, யாரும் கல்லெறியல. ‘லிக்’னு சின்னச் சின்ன கிடார் துண்டுங்க ஆறு மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஒத்திகையில என் தனி வாசிப்பு வந்ததும் ஆறையும் மூச்சுவிடாம வாசிச்சுத் தள்ளிட்டேன். டிரம்ஸ் வாசிக்கிற வெல்டர், “யாருப்பா உன்னைத் துரத்துறது?”ன்னு கேட்டார்.

அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. போன்ல நான் ஒண்ணு சொன்னா நீ ‘ம்’ கொட்டுவே, அப்புறம்தான் அடுத்ததைச் சொல்லுவேன். விழாவுல ஒரு லிக் வாசிச்சு, உன் ‘ம்’முக்கு இடம் விட்டு, அடுத்ததை வாசிச்சேன். மூணுலயே அரங்கம் கைதட்டிடுச்சு! இனிமே எங்க குழுவுல லீட் கிடார், அதாவது முக்கிய கிடார், நான்தான்.

கம்பி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போச்சு. விரல் ரேகை பார்க்கிற வருகைப் பதிவு மெஷினுக்கே என்னை அடையாளம் தெரியல; கட்டைவிரலை வச்சுச் சமாளிக்கிறேன்.

என் பழைய நகவெட்டியை அனுப்பு, இங்கே வாங்கினது சரியான மொக்கை. அப்படியே, வீட்டுவேலை பார்த்துக்கிட்டே பத்து நிமிஷம் சும்மா ‘ம்’ கொட்டிப் பதிவு பண்ணி அனுப்பு. ரூம்ல வாசிச்சுப் பழகணும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது. நகவெட்டியை மறந்தாலும் ‘ம்’மை மறந்துடாதே.

உன் வீட்டுக்காரன்