பார்க்கில் கேட்ட சிரிப்பு

செவ்வாய், இரவு

கொஞ்ச நாளாகவே இவர் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். கேட்டால், "ட்ரெயின்ல கூட்டம் இருக்காதுட்டி" என்பார். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்று பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தாராவியைத் தாண்டி மாட்டுங்காவில் ஒரு பார்க்குக்குள் நுழைந்தார். எவளோ வரப்போகிறாள் என்று மரத்துக்குப் பின்னால் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். வட்டமாக நின்று, கைகளைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்கள். இவரும் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். "பார்க்குல அப்படி என்ன சிரிப்பு உங்களுக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அது சிரிக்கிற கிளப்புட்டி. காசு கிடையாது, யாரும் போலாம். டென்ஷனக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு? எப்பப் போனிய?"

"சயான் ஆஸ்பத்திரில ஒருத்தரு. சும்மா செக்கப்புக்குத்தான்."

"வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கொழம்பு நல்லாருக்கு."

குழம்பில் இன்று நான் உப்பே போடவில்லை. வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கிவிட்டார் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "லைட்ட அணைக்கலையா?" என்கிறார். இன்னும் தூங்கவில்லை.