ஐஸ் மேல் பால் காய்ச்சுதல்

பென்டில் ஹில், சிட்னி
11 ஜனவரி 2025

அன்புள்ள சுதர்சன் அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போனில் காஸ் என்று தொடங்கினாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த ஈமெயில்.

உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்க நீங்கள் அடித்த பலகைக் குடிலின் படத்தை அக்கா அனுப்பியிருந்தா. பலகை வேலை திறம். காஸ் வேலை படுமோசம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயைக் கம்பியால் கட்டி அடுப்புக்கு இழுத்திருக்கிறீர்கள். அந்தக் குளிரில் அது விறைத்துப் பிளந்துவிடும். சிலிண்டரை வெளியே வையுங்கள். லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கொண்டு செப்புக் குழாய் போடுங்கள். காற்றுப் போய்வரச் சுவரில் மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம். நெருப்பு அணைந்தால் தானாகக் காஸை நிறுத்தும் அடுப்பாக வாங்குங்கள்.

இது என் தொழில். கோபிக்காமல் செய்யுங்கள்.

சுபாங்கன்


ஸ்காபரோ, கனடா
14 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி சுபாங்கனுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. உம்முடைய கடிதத்தை அக்கா தர்ஷனா இரண்டு தரம் வாசித்துக் காட்டினா. தம்பி, உமக்கு மீசை முளைக்க முன்னம் நான் இந்தக் குளிருக்கு வந்தனான். துவாரமும் வைத்தேன். பனிக்காற்று தாங்க முடியாமல் சாக்கால் அடைத்தாயிற்று.

சின்னக் குடில் என்றாலும் என் கையால் அடித்த முதல் வீடு. பால் காய்ச்சாமல் உள்ளே இருக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை நல்ல நேரம். நண்பர்கள் வருகிறார்கள். உம்முடைய அக்காதான் பானை வைப்பா. குறை சொல்லாமல் வாழ்த்தும்.

அன்புடன்,
அத்தான்


பென்டில் ஹில்
15 ஜனவரி

அத்தான்,

வாழ்த்தமாட்டேன். பால் பொங்கி வழியவேண்டும் என்றுதானே காய்ச்சுகிறீர்கள்? வழிகிற பால் நெருப்பை அணைக்கும். நீங்கள் கைதட்டிக்கொண்டு நிற்பீர்கள், காஸ் வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடப் பாரம், தரையில் தேங்கும். துவாரமும் அடைபட்டிருக்கிறது. பிறகு யாரோ லைட்டரைத் தட்டுவார்கள்.

உங்களுக்கு மண்டை பிழை. "அதுக்குள்ள கால் வைக்காதை, அத்தான் கத்தினால் கத்தட்டும்" என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் நண்பர்களுக்கும் படத்தோடு எழுதிவிட்டேன்.

சுபாங்கன்


ஸ்காபரோ
20 ஜனவரி

தம்பி,

நண்பர்களில் அரியரத்தினம் அண்ணை மட்டும் வந்தார். தர்ஷனா வாசலோடு நின்றுவிட்டா. "தம்பி வேண்டாமெண்டவன், நான் வரேல்லை" என்று அவருக்கு முன்னாலேயே சொன்னா. நானே பால் வைத்தேன். பொங்கியது. "கிழக்காலை வழியுது, திறம்!" என்றார் அண்ணை. நெருப்பு அணைந்தது. திரும்பப் பற்றவைக்க லைட்டரை எடுத்தேன்.

தர்ஷனா உள்ளே பாய்ந்து வந்து அதைப் பறித்து, மீனுக்கு ஐஸில் வெட்டிய ஓட்டைக்குள் எறிந்தா. "ரெண்டு பேரும் வெளியில போங்கோ!" என்று தள்ளினா. அதற்குப் பிறகுதான் எனக்குக் காஸ் மணம் தெரிந்தது.

நீர் சொன்னது சரி. செப்புக் குழாய் போட ஆள் வருகிறது. ஆனால் ஊரெல்லாம் எழுதி என்னைப் பேயனாக்கிவிட்டீர். இனி அக்காவுக்கு எழுதும். எனக்கு வேண்டாம்.

சுதர்சன்


பென்டில் ஹில்
21 ஜனவரி

அத்தான்,

நண்பர்களுக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். வராத ஒவ்வொருவராலும் உள்ளே ஓர் ஆள் குறைந்தது. புதுக் குழாய் போட்டதும் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், குமிழி வந்தால் அடுப்பைத் தொடவேண்டாம். அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள், குடிலுக்கு வெளியே.

பதில் வேண்டாம். நீங்கள் என்னோடு பேசாமல் இருக்கலாம். உயிரோடு இருந்து பேசாமல் இருங்கள்.

சுபாங்கன்